ஐயம் வினவுதலும் மொழி ஆக்குதலும்

'மட்டக்களப்பு' என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன? அரிச்சுவடி கற்ற சிறு பிள்ளையும் விரல் மடக்கி எண்ணி, 8 என்று விடை கூறிவிடும். இதே வினாவைக் கணினியிடம் விடுத்துப் பாருங்கள். எமது பாடசாலைகளிலே உயர்தர வகுப்பு மாணாக்கர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திற் கற்கின்ற பைதன் என்னுஞ் செய்நிரல் மொழியில், ஒரு சொல்லின் நீளத்தை அளந்து கூறுங் கட்டளை ஒன்றுண்டு. அக்கட்டளை 12 என்று விடை தரும். அம்மொழியின் பழைய இரண்டாம் பதிப்போ, அதே சொல்லைச் சாதாரணமாக எழுதிக் கொடுத்தால் 36 என்று கூறுவது வழக்கம்.

எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ உள்ள ஒரு பாடசாலையில் இப்பாடத்தைத் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவி ஒருத்தி இதனைக் கண்டு திகைப்பாளாயின், அது நியாயமான திகைப்பேயாகும். பிழை தன்னுடையதா, யந்திரத்தினுடையதா, அன்றி அம்மொழியை ஆக்கியோருடையதா? பாடநூலிலே இதற்கு விடை இல்லை. ஆசிரியரும் கைவிரிக்கலாம். அதன்பின் யாரிடம் போய்க் கேட்பது? இந்த ஒரு வினாவைக் கையிற் பிடித்துக்கொண்டு, திறந்த மூல மொழிகள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன, அவற்றைப் பற்றிய ஐயங்கள் எவ்வாறு தீர்க்கப்படுகின்றன என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் இம்மொழிகளுக்குச் சொந்தக்காரர் யார் என்பதை அறிதல் வேண்டும். கடையிலே வாங்கிய வானொலிப் பெட்டி பழுதுபட்டால், விற்றவரிடஞ் சென்று முறையிடலாம். பைதன் மொழியை யாரும் யாருக்கும் விற்கவில்லை. நெதர்லாந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரிலே கணித ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணிபுரிந்த கீடோ வான் ரோசம் என்பார் 1989 ஆம் ஆண்டின் இறுதியிலே இதனை ஆக்கத் தொடங்கி, 1991 பெப்ரவரியில் உலகறிய வெளியிட்டார். பெயர் மலைப்பாம்பைக் குறிப்பதன்று. பிரித்தானியத் தொலைக்காட்சியிலே புகழ்பெற்ற ஒரு நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து எடுத்தது. மொழியின் உள்ளமைப்பு முழுவதும், அஃதாவது அதன் மூல வரிகள் யாவும், யாவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிய அனுமதியோடு திறந்து கிடக்கின்றன. அதனாலேயே இதனைத் திறந்த மூல மொழி என்கின்றோம். அறிவுத் துறையிலே இதற்கு மேலான தருமம் அரிது. ஆனால் இதிலே ஒரு சங்கடமும் உண்டு. விலை கொடாதவன் விற்றவனை அதட்ட முடியாது. விடை கூறுபவர்களிற் பெரும்பாலோர் தம் சொந்தத் தொழிலை முடித்துக்கொண்டு, ஓய்வு நேரத்திலே கூலியின்றி விடை கூறுபவர்கள். எனவே அவர்களிடங் கேட்பதற்கு ஒரு முறை உண்டாயிற்று.

கல்லடிக் கரையிலே படகின் இயந்திரம் பழுதுபட்டுத் திருத்துபவரிடஞ் செல்லும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர், "மிசின் ஓடுதில்லை, வந்து பாருங்கோ" என்கிறார். மற்றவர், "காலையிற் பிடிக்கிறது, கால்மணி நேரம் ஓடியபின் நின்றுவிடுகிறது, நேற்றுத்தான் எண்ணெய் மாற்றினேன்" என்கிறார். இரண்டாமவருக்கு, திருத்துபவர் இருந்த இடத்திலிருந்தே பாதி விடையைச் சொல்லிவிடுவார். கணினி மொழியிலும் அவ்வாறே. "என் செய்நிரல் வேலை செய்யவில்லை, தயவுசெய்து உதவுங்கள்" என்று எழுதும் மாணாக்கருக்கு விடை வாராது. வந்தாலும் அது விடையாக இராது, "எந்தப் பதிப்பு? என்ன எழுதினீர்?" என்னும் எதிர்வினாவாகவே இருக்கும். இன்ன பதிப்பு, இன்ன இயக்க முறைமை, நான் எழுதிய வரிகள் இவை, நான் எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது என்னும் ஐந்தும் வினாவிலே அமைதல் வேண்டும். எமது மாணவியின் வினா இவ்வகையில் அழகாக அமையக்கூடியது: பைதன் மூன்றாம் பதிப்பு; ஒரே வரி; எதிர்பார்த்தது 8; கிடைத்தது 12.

எல்லாருடைய ஐயமும் ஒரே வரியில் அடங்குவதில்லை. இருநூறு வரி கொண்ட செய்நிரலிலே எங்கோ ஓரிடத்திற் கோளாறு இருந்தால், அந்த இருநூறையும் பிறர் தலையிற் சுமத்துவது முறையன்று. பாதியை நீக்கிப் பார்க்க வேண்டும். கோளாறு எஞ்சிய பாதியிலே தோன்றுகின்றதா? தோன்றினால் அதையும் பாதியாக்க வேண்டும். இருநூறு நூறாகி, ஐம்பதாகி, இருபத்தைந்தாகும். நாலைந்து முறை வெட்டுவதற்குள் பத்து வரிக்குக் குறைந்த துண்டொன்று கையில் எஞ்சும். இப்படிக் குறைத்துக்கொண்டு வருகையிலேயே கோளாறு கண்ணிற் பட்டு, வினவ வேண்டிய அவசியமே இல்லாமற் போவதுண்டு. பாடசாலைகளிலே இப்பயிற்சிக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினாற் பெரும்பயன் விளையும் என்பது எனது எண்ணம்.

பிழை நேர்ந்தபோது பைதன் வெளியிடும் அறிவித்தலைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உளது. பலர் அதனை மேலிருந்து கீழாகப் படிக்கத் தொடங்கி, முதலிரு வரியிலேயே மனந்தளர்ந்துவிடுகின்றனர். பிழையின் பெயரும் காரணமும் கடைசி வரியிலே உள்ளன. அதற்கு மேலுள்ளவை, அப்பிழைக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தோம் என்னும் பயணக் குறிப்புக்களே. ஆகவே கீழிருந்து மேலாகப் படித்தல் நன்று. அந்த அறிவித்தலைப் பிறருக்கு அனுப்பும்போது, திரையைப் படம் பிடித்து அனுப்பாது எழுத்தாகவே பிரதி செய்து அனுப்புதல் வேண்டும். படத்திலுள்ள எழுத்தைப் பிறர் எடுத்துத் தம் கணினியில் ஓட்டிப் பார்க்க இயலாது. மேலும், பைதன் மொழியில் வரியின் முன்னே விடப்படும் வெற்றிடத்துக்கும் பொருள் உண்டு. அது குலைந்தால் முழுவதுங் குலையும்.

இனி, 12 என்ற விடைக்கு வருவோம். இது பிழையன்று என்று அனுபவமுள்ளோர் விடை கூறுவர். கணினியிலே உலக எழுத்துக்கள் யாவற்றுக்கும் எண் வழங்கும் பொது ஏற்பாடு யூனிகோட் எனப்படும். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. இந்திய அரசு வகுத்திருந்த 1988 ஆம் ஆண்டு நியமத்தைத் தழுவியே அவ்விடம் ஒழுங்கு செய்யப்பட்டது. அதன்படி 'ட' என்பதற்கு ஓர் எண். புள்ளிக்குத் தனியே ஓர் எண். ஆகவே 'ட்' என்னும் மெய் இரண்டு குறிகளாலானது. 'பு' என்பதும் 'ப'வும் உகரக் குறியுமாக இரண்டு. எமது ஊர்ப்பெயரிலே மூன்று மெய்யும் ஓர் உகரக் குறியும் இருத்தலின், எட்டோடு நான்கு கூடிப் பன்னிரண்டாயிற்று. அக்குறிகள் ஒவ்வொன்றையும் கணினி சேமிக்கும்போது மூன்று பைற்று இடம் பிடித்தலின், பழைய பதிப்பு 36 என்றது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது எமது இலக்கணம். கணினியோ உயிர்மெய்யை முதலாகக் கொண்டு, புள்ளியிட்டு மெய்யைப் பிறப்பிக்கின்றது. தமிழறிஞர் பலர் இதனை மனக்குறையோடு சுட்டிக்காட்டியதுண்டு. எனினும் ஒருமுறை வழங்கிய எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோட் அமைப்பின் உறுதிமொழி. மாற்றினால் முன்பு எழுதிவைத்த ஆவணங்கள் யாவும் வாசிக்க இயலாதனவாகும். ஆகவே பைதன் மொழியின் ஆக்குநர்களிடம் இதனை முறையிட்டுப் பயனில்லை. அவர்கள் கையில் இல்லாத காரியம் இது.

அதற்காகப் பரிகாரமே இல்லையென்று எண்ணற்க. ஓப்பன் தமிழ் என்னும் பெயரிலே, தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்தாகப் பிரித்துத் தரும் செய்நிரல் தொகுதி ஒன்றைத் தமிழ்த் தொண்டர்கள் ஆக்கி இலவசமாக வழங்கியுள்ளனர். அதனைக் கொண்டு எண்ணினால் 8 என்ற விடை கிட்டும். அதன் முக்கிய ஆக்குநர்களில் ஒருவரான முத்து அண்ணாமலை என்பாரே, தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுதத்தக்க 'எழில்' என்னும் மொழியைப் பைதன் மீது கட்டி, 2009 இல் அதுபற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். கேட்கத் தெரிந்தவருக்கு இவ்விடைகள் சில மணி நேரத்திலே கிடைத்துவிடும். தெரியாதவர் மாதக்கணக்கிலே தம்மையே நொந்துகொண்டிருப்பர்.

மெய்யாகவே மொழியிற் பிழை இருந்தால் அதனை ஆக்குநர்களின் பொதுப் பதிவேட்டிலே எழுதிவைக்கலாம். ஏற்கெனவே ஒருவர் எழுதியிருக்கின்றாரா என்று முதலில் தேடிப் பார்ப்பது மரபு. ஒன்றிலே மட்டும் விதி வேறு. தீயோர் உள்நுழையத்தக்க ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தால் அதனைப் பொதுவிலே பறைசாற்றலாகாது. பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களுக்கு இரகசியமாகத் தெரிவித்து, அவர்கள் அடைத்தபின்னரே வெளியிடுதல் வேண்டும்.

நேயர்களே, ஐயம் வினவுவது ஒரு பக்கம். மொழியின் வளர்ச்சியைப் பற்றி வாதிடுவது அதனினும் சுவையானது. பைதன் மொழியிலே பெரியதொரு மாற்றம் வேண்டுவோர், 2000 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்கின்படி, எண்ணிட்ட பிரேரணை ஒன்றை எழுதிச் சமர்ப்பித்தல் வேண்டும். எதற்காக இம்மாற்றம், யாருக்கு இதனால் இடைஞ்சல், வேறு வழி என்ன, அவ்வழியை ஏன் தள்ளினோம் என்பன யாவும் அதில் எழுதப்படும். தள்ளப்பட்ட பிரேரணைகளும் அழிக்கப்படுவதில்லை. பத்தாண்டு கழித்து அதே எண்ணத்தோடு வருபவர், முன்பு ஏன் தள்ளினார்கள் என்பதைப் படித்தறியலாம். எமது சங்கங்களிற் பலவற்றின் கூட்டக் குறிப்புக்கள் இவ்வளவு செம்மையாக இருப்பதில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

அத்தகைய பிரேரணைகளுள் 3131 ஆம் எண்ணுடையது எம்மை நேரே தொட்டது. மார்ட்டின் வான் லோவிஸ் என்பார் 2007 இல் அதனை எழுதினார். செய்நிரலிலே மாறிகளுக்கு இடும் பெயர் ஆங்கில எழுத்தில் மட்டுமன்றி எம்மொழி எழுத்திலும் இருக்கலாம் என்பதே அதன் சாரம். கடும் விவாதம் எழுந்தது. எதிர்த்தவர்கள் இனத்துவேஷிகள் அல்லர். அவர்களின் வாதத்திலே பொருள் இருந்தது. ஒரு நாட்டார் எழுதியதை மறுநாட்டார் படிக்கவோ தட்டெழுதவோ இயலாவிடின், உலகம் ஒன்றுகூடி ஒரு செய்நிரலை வளர்ப்பது எங்ஙனம்? மேலும், உருவத்தில் ஒத்த எழுத்துக்கள் ஏமாற்றக்கூடும். இது தமிழருக்குப் புதிதன்று. பழைய ஏடுகளிலே ஒன்றைக் குறிக்கும் ௧ என்னும் இலக்கமும் க என்னும் எழுத்தும், எட்டைக் குறிக்கும் ௮ என்னும் இலக்கமும் அ என்னும் எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு. ஆதரித்தவர்களோ, ஆங்கிலம் அறியாத சிறுவன் தன் மொழியிலே பெயரிட்டுப் பயிலட்டும், அதனால் யாருக்கு நட்டம் என்றனர். முடிவிலே பிரேரணை ஏற்கப்பட்டது. ஆயினும் மொழியோடு சேர்ந்து வரும் பொது நூலகத்திலே ஆங்கில எழுத்துப் பெயர்களே இருத்தல் வேண்டுமென்று விதி செய்தனர். 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல், 'தொகை' என்றும் 'விலை' என்றும் தமிழிலே மாறிகளுக்குப் பெயரிடலாம். எமது மாணாக்கர் எத்தனை பேர் இதனை அறிவர்?

அந்த மூன்றாம் பதிப்பு எல்லாருக்கும் இனிமையாக வாய்த்ததன்று. ஆங்கிலமல்லாத எழுத்துக்களைச் செம்மையாகக் கையாளும் பொருட்டு, சொற்களைச் சேமிக்கும் முறையையே அதில் மாற்றினர். முப்பத்தாறு பன்னிரண்டாயது அதனாலேதான். ஆனால் பழைய பதிப்பில் எழுதப்பட்ட எண்ணற்ற செய்நிரல்கள் புதியதிலே ஓடவில்லை. மாரி காலத்திலே எமது வாவியின் முகத்துவாரத்தை வெட்டுவது பற்றி எழும் வழக்கை நீங்கள் அறிவீர்கள். மணற்றிட்டை வெட்டினால் வயல் வெள்ளம் வடியும். வேளாண்மை செய்பவர் அதனை வேண்டுவர். வாவியிலே மீனும் இறாலும் பிடிப்போர்க்கு நீர் மட்டமும் உவர்ப்பும் வேறு கணக்கு. எப்போது வெட்டுவது, எங்கே வெட்டுவது என்பதில் இரு சாராரும் பேசித்தான் முடிவு காண வேண்டும். பைதன் ஆக்குநர்களும் அத்தகைய நிலையிலேயே இருந்தனர். பழைய பதிப்புக்கு அளித்துவந்த ஆதரவை உடனே நிறுத்தாது நீட்டிக்கொண்டே சென்று, 2020 ஜனவரி முதலாந் திகதியோடுதான் முற்றாக நிறுத்தினர். பதினொரு ஆண்டுகள் இரு வாய்க்காலிலும் நீர் பாய்ச்ச வேண்டியிருந்தது.

விவாதம் எல்லை கடந்தால் மனிதரை வாட்டவுஞ் செய்யும். 572 ஆம் பிரேரணை, ஒரு கோவையின் நடுவிலேயே மாறிக்குப் பெறுமானம் இடுவதற்கான சிறியதொரு குறியைப் பற்றியது. 2018 இல் அதன்மீது எழுந்த சச்சரவு பெரிது. அக்காலம் வரை இறுதித் தீர்ப்பு வழங்கும் உரிமை ஆக்கியவரான வான் ரோசத்திடமே இருந்தது. அவர் அப்பிரேரணையை ஏற்றுத் தீர்ப்பளித்தபின், அவ்வாண்டு ஜூலை மாதத்திலே அவ்வுரிமையைத் தாமாகவே துறந்தார். தமக்குப் பின் யார் என்று அவர் பெயர் குறிக்கவில்லை. நீங்களே கூடி முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். ஆக்குநர்கள் பல யாப்புக்களை எழுதி, வாக்கெடுத்து, 2019 இன் தொடக்கத்திலே ஐவர் கொண்ட வழிநடத்துஞ் சபையொன்றைத் தேர்ந்தனர். இன்றும் அச்சபையே நடத்துகின்றது. அரசாட்சி குடியாட்சியான கதை போன்ற இது, ஒரு துளி இரத்தமுஞ் சிந்தாது ஏழெட்டு மாதத்திலே நிறைவேறியது.

இவையெல்லாம் வேறு தேசத்தார் காரியம் என்று எண்ண வேண்டா. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி, நாவலடியும் கல்லடியும் உட்பட எமது கரையோரம் அழிந்தபோது, காணாமற் போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் ஆகியவற்றின் விவரங்களை ஒழுங்குபடுத்த இலங்கைக் கணினியியலாளர் தொண்டர்களாகக் கூடிச் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளைச் சில வாரங்களுக்குள் ஆக்கினர். லங்கா மென்பொருள் மன்றம் அதற்கு இல்லமாயிற்று. மறு ஆண்டே பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அது அங்கும் பயன்பட்டது. பின்னர் இந்நாட்டிலேயே ஒரு செய்நிரல் மொழியும் பிறந்தது. பலரினா என்பது அதன் பெயர். ஆடல்மங்கை என்று பொருள். சஞ்சீவ வீரவரண முதலியோர் நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 என்னும் நிறுவனத்தார் அதனை 2017 இல் வெளிப்படுத்தி, 2019 செப்டெம்பரில் முதலாம் பதிப்பாக வெளியிட்டனர். ஒரு கணினிச் சேவை வேறொரு சேவையோடு வலைப்பின்னல் வழியே பேசுவதை எளிதாக்குவதே அதன் நோக்கம். அம்மொழியின் இலக்கண விதிகள் பற்றிய பிரேரணைகளும் பிழைப் பதிவுகளும் யாவரும் பார்க்கும்படி திறந்தே உள்ளன. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணாக்கர் ஒருவர் அதிலே ஒரு பிழையைக் கண்டு எழுதினால், அதனைப் படித்து விடை கூறுபவர் கொழும்பிலேயே இருக்கக்கூடும்.

ஆனால் எழுதுவது ஆங்கிலத்திலேதானே! இங்கேதான் எமது மாணவியின் உண்மையான தடை இருக்கின்றது. பாடத்தைத் தமிழிலே படித்தாள். ஐயத்தை ஆங்கிலத்திலே கேட்க வேண்டும். ஆங்கிலப் பிழைக்கு அஞ்சி வாய்திறவாதிருப்போர் பலர். செய்நிரல் வரிகளும் கிடைத்த விடையும் சரியாக இருந்தால், இடையிலுள்ள ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் விடை கிடைக்கும். விடையளிப்போரிலும் அநேகருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு யந்திரத்திடமே தமிழிற் கேட்டுக்கொள்ளலாமே என்பாரும் உளர். கேட்கலாம், பல வேளைகளிலே நல்ல விடையுந் தரும். ஆயினும் அந்த யந்திரம் கற்றதே, மனிதர்கள் பொதுவிலே வினவி விடை கூறி வைத்தவற்றிலிருந்துதான். எல்லாரும் தனியே யந்திரத்தோடு பேசத் தொடங்கினால், நாளை எழும் புதிய ஐயத்துக்கு அது எங்கிருந்து கற்கும்? ஊற்றுத் தூராமற் பார்த்துக்கொள்வதும் நீர் அள்ளுவோர் கடனே.

தமிழிலே கலைச்சொல் இல்லை என்னுஞ் சாக்கு இப்பகுதியாருக்குப் பொருந்தாது. காரைதீவிலே பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிலைநாட்டிய சுவாமி விபுலானந்தரே, 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். துறைதோறும் அறிஞர் கூடி, சொல் சொல்லாக எடுத்து வாதிட்டு, ஏற்றதை ஏற்றுத் தள்ளியதைத் தள்ளி 1938 இல் தொகுதியாக வெளியிட்டனர். அதன்பின் எமது அரசகரும மொழித் திணைக்களமும் சொற்றொகுதிகள் பலவற்றை அச்சிட்டது. இன்றோ, நாம் செய்நிரல் என்பதைத் தமிழகத்தார் நிரல் என்கின்றனர். மாறி என்னுஞ் சொல் இரு கரைக்கும் பொதுவாக உள்ளது. இத்தகைய வேற்றுமைகளைப் பேசித் தீர்ப்பதற்கு இன்னொரு மகாநாடு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பைதன் மொழியின் கைந்நூலைப் பிறமொழிகளிற் பெயர்ப்பதற்கு 2017 இல் எழுந்த 545 ஆம் பிரேரணை வழிவகுத்துள்ளது. யப்பானியர், பிரெஞ்சுக்காரர், கொரியர் முதலியோர் அவ்வழியே தம் மொழிபெயர்ப்புக்களை உத்தியோகபூர்வமான கைந்நூலோடு சேர்த்துவிட்டனர். பொறுப்பேற்று நடத்த ஓர் இணைப்பாளர் வேண்டும். கைந்நூல் முழுவதையும் பெயர்த்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. மூன்று பகுதிகள் நிறைவெய்தினாற் போதும். ஏனைய மொழிகளின் வரிசையிலே அம்மொழியின் பெயருஞ் சேர்க்கப்படும். ஒன்று, தொடக்கப் பாடம். மற்றொன்று, மொழியோடு இயல்பாக அமைந்த கட்டளைகளின் விளக்கம். எமது மாணவி பயன்படுத்திய நீளங் காணுங் கட்டளை இதிலேதான் உள்ளது. எஞ்சியது ஒரேயொரு பக்கம். பிழை கண்டால் அதனை யாரிடம், எவ்வாறு தெரிவிப்பது என்று கூறும் பக்கம் அது.